ஏற்றத்தில் கார் இழுக்கவில்லையா? காரணத்தை அளந்து பிடிக்கும் முழுமையான வழிகாட்டி

சமதரையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் சத்தமில்லாமல் ஓடுகிற கார், கல்லாறு தாண்டி குன்னூர் ஏற்றத்தைத் தொட்டதும் இரண்டாம் கியரிலேயே திணறுகிறது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் சமதரையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு "வண்டி நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள். இன்னும் சில இடங்களில் பிளக், ஃபில்டர், பம்ப், சென்சார் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: சுமை இருக்கும்போது வரும் குறையைச் சுமை இல்லாதபோது தேடுவது. ஏற்றத்தில் வரும் குறையை அதே சுமையைக் கொடுத்து அளந்தால்தான் பிடிக்க முடியும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கொள்கையின் மேல்தான் நிற்கிறது.

ஏற்றம் இன்ஜினிடம் எவ்வளவு கேட்கிறது

ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். சமதரையில் 40 கிமீ வேகத்தில் ஓட அதற்குச் சக்கரங்களில் சுமார் 3 குதிரைத்திறன் போதும். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் மலைச்சாலையில் அதே 40 கிமீ வேகத்துக்குச் சுமார் 18 குதிரைத்திறன் வேண்டும். கிட்டத்தட்ட ஆறு மடங்கு. பாதி அடைத்த டீசல் ஃபில்டரோ, வலுவிழந்த இக்னிஷன் காயிலோ (தீப்பொறிக்கு வோல்டேஜ் தருவது) மூன்று குதிரைத்திறனுக்குத் தாராளமாக ஈடுகொடுக்கும், பதினெட்டுக்கு மூச்சு வாங்கும். ஊருக்குள் ஓட்டும்போது குறை ஒளிந்துகொள்வது இதனால்தான்.

இன்ஜினுக்கு வேண்டியவை காற்று, எரிபொருள், சரியான நேரத்தில் தீப்பொறி, எரிந்த புகை வெளியேற வழி. டீசலில் தீப்பொறிக்குப் பதிலாக அழுத்தமும் சரியான ஊசித் தெளிப்பும். இவற்றில் எது முழுச் சுமையில் குறைகிறது என்று கண்டுபிடிப்பதே நம் வேலை. அதற்கு முன், குறையே இல்லாத வண்டியைப் பிரித்துப் போட்டுவிடாமல் இருக்க இரண்டு விஷயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

முதல் படி: இது குறையா, இயல்பா?

டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி) இல்லாத பெட்ரோல் இன்ஜின், உயரம் கூடக்கூட வலுவிழக்கும். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறக்குறைய பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடற்கரையை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, இன்ஜினின் திறனும் அதே அளவு குறையும். கொடைக்கானலிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். டர்போ வண்டிகளில் இந்த இழப்பின் பெரும்பகுதியை டர்போ ஈடுகட்டிவிடும். ஆக, மேட்டுப்பாளையத்தில் நன்றாக இழுத்த சிறிய பெட்ரோல் கார் ஊட்டியில் கொஞ்சம் மந்தமாக இருந்தால் அது நோயல்ல. மலையடிவார ஏற்றத்திலேயே திணறினாலோ, போன வருடம் மூன்றாம் கியரில் ஏறிய இடத்தில் இப்போது இரண்டாம் கியர் கேட்டாலோதான் குறை.

அடுத்தது கியர். ஒரு 1.2 லிட்டர் பெட்ரோல் காரில் 40 கிமீ வேகத்தில் நான்காம் கியர் போட்டிருந்தால் இன்ஜின் 1,450 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) அளவில்தான் சுற்றும். அந்தச் சுற்றில் முழு மிதி மிதித்தாலும் 20 குதிரைத்திறனைத் தாண்டாது. மேலே சொன்ன பதினெட்டுக்கு அது மட்டுமட்டு, ஊட்டி உயரத்தில் போதவே போதாது. அதே வேகத்தில் இரண்டாம் கியரில் 2,900 ஆர்பிஎம் அளவில் சுற்றி 40 குதிரைத்திறனுக்கு மேல் தரும். இன்ஜின் சத்தம் போடுகிறதே என்று பயந்து மேல் கியரில் ஏற்றுவதுதான் பல "பிக்கப் இல்லை" புகார்களின் பின்னணி. ஏற்றத்தில் பெட்ரோல் காரை 2,500 முதல் 4,000 ஆர்பிஎம்முக்குள் வைத்திருங்கள். டர்போ டீசலில் 1,800க்குக் கீழே விழவிடாதீர்கள். அதற்குக் கீழே டர்போ விழிக்காது, கொண்டை ஊசி வளைவில் வண்டி அப்படியே அமர்ந்துவிடும்.

சிஎன்ஜி வண்டியானால் பெட்ரோலுக்கு மாற்றி அதே ஏற்றத்தை ஏறிப் பாருங்கள். சிஎன்ஜியில் பத்து சதவீதத்துக்கு மேல் திறன் குறைவது இயல்பு. ஏசியை அணைத்தும் ஒருமுறை பாருங்கள். சிறிய இன்ஜினில் ஏசி கம்ப்ரசர் எடுத்துக்கொள்ளும் பங்கு ஏற்றத்தில் நன்றாகவே தெரியும்.

இரண்டாம் படி: இன்ஜினா, கிளட்சா, பிரேக்கா?

இன்ஜின் திறனைச் சரியாகத்தான் தருகிறது, அது சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றால் இன்ஜினில் எதைத் தேடினாலும் கிடைக்காது.

கிளட்ச் ஸ்லிப்பைக் கண்டறியக் காலியான சமதரைச் சாலை போதும். 40 கிமீ வேகத்தில் நான்காம் கியர் போட்டு ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை மிதியுங்கள். ஆர்பிஎம் முள்ளும் வேகமும் ஒன்றாக மெல்ல ஏற வேண்டும். ஆர்பிஎம் மட்டும் எகிறி வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. ஏற்றம் ஏறிய பிறகு கருகல் வாடை வருவது கூடுதல் சாட்சி. கேபிள் கிளட்ச் வண்டிகளில் பெடலில் தொடக்கத் தளர்வு துளியும் இல்லையென்றால் முதலில் கேபிளைச் சரிசெய்து பாருங்கள். தளர்வு இல்லாத கேபிள் கிளட்சை எப்போதும் அரைகுறையாக மிதித்தே வைத்திருக்கும். கிளட்ச் பிளேட் மாற்றும்போது இன்ஜினின் பின்புற ஆயில் சீல் கசிகிறதா என்பதையும் பாருங்கள். எண்ணெய் பட்டுத்தான் பழைய பிளேட் வழுக்கியது என்றால் புதியதும் அதே வழியில்தான் போகும். தானாகக் கியர் மாற்றும் ஏஎம்டி வண்டிகளிலும் உள்ளே இருப்பது சாதாரணக் கிளட்ச்தான், இதே சோதனை பொருந்தும்.

பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்பதற்கு, பிரேக்கை அதிகம் தொடாமல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய் வெப்பத்தை ஒப்பிடுங்கள். டிஸ்க்கைத் தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு சக்கரம் மட்டும் தகித்தால் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். காலிபர் பின் துருப்பிடித்து இறுகுவதும், பின்பக்க ஹேண்ட்பிரேக் கேபிள் சிக்கிக்கொள்வதும் கடலோர ஊர் வண்டிகளில் அடிக்கடி வரும். டயர் காற்றையும் அப்படியே சரிபாருங்கள்.

மூன்றாம் படி: திணறலின் தன்மையைக் கேளுங்கள்

எப்படித் திணறுகிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். மெக்கானிக்கிடம் போனாலும் "இழுக்கல" என்று மட்டும் சொல்லாமல் கீழுள்ளவற்றில் எது என்று சொல்லுங்கள்.

குலுங்கிக் குலுங்கி, மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் எரியாமல் தவறுவது) அடித்துக்கொண்டு ஏறுகிறதா? தீப்பொறியைச் சந்தேகியுங்கள். சுமை கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். வலுவிழந்த காயில் சரியாக அங்கேதான் கைவிடும்.

முதல் சில விநாடி நன்றாக இழுத்துப் பிறகு மெல்ல மெல்லத் தளர்கிறதா, காலை எடுத்து மீண்டும் மிதித்தால் கொஞ்சம் உயிர் வருகிறதா? எரிபொருள் போதவில்லை. ஓரமாக நிறுத்திச் சில நிமிடம் கழித்து எடுத்தால் பழையபடி ஓடுகிறது என்றால் டேங்கில் உள்ள பம்ப் வலையில் அழுக்கு. உறிஞ்சும்போது அழுக்கு வலையில் ஒட்டிக்கொள்கிறது, நின்றதும் கீழே உதிர்ந்துவிடுகிறது.

குலுக்கல் எதுவும் இல்லாமல், சுவரில் முட்டியதுபோல் ஒரு ஆர்பிஎம்முக்கு மேல் போகவே மறுக்கிறதா? சைலன்சர் பக்கம் அடைப்பு, குறிப்பாகப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். காற்று வரும் வழியும் அடைபட்டிருக்கலாம்.

திடீரென்று ஒரே விநாடியில் திறன் போய், இன்ஜின் விளக்கு எரிந்து, சாவியை அணைத்துப் போட்டதும் மீண்டும் சரியாகிறதா? வண்டி லிம்ப் மோடுக்கு (இன்ஜினைக் காக்கத் தானாகவே திறனைக் குறைக்கும் நிலை) போகிறது. டர்போ டீசலில் இது மிகச் சாதாரணம்.

டீசல் வண்டியில் புகையின் நிறத்தைப் பின்னால் வருபவரிடம் கேளுங்கள். கரும்புகையோடு திறன் குறைந்தால் காற்று போதவில்லை. புகையே இல்லாமல் திறன் குறைந்தால் டீசல் போதவில்லை. இந்த ஒரு வேறுபாடு பல ஆயிரம் ரூபாய் வீண் செலவைத் தடுக்கும்.

நான்காம் படி: செலவில்லாத சோதனைகள்

ஸ்கேனரைத் தேடுவதற்கு முன் அரை மணி நேரத்தில் முடிபவை இவை. எளியவை என்று தாண்டிப் போய்விட வேண்டாம்.

ஆக்ஸிலரேட்டருக்குக் கீழே தடித்த மேட் சிக்கி முழுதாக மிதிக்க விடாமல் தடுக்கிறதா பாருங்கள். கேபிள் த்ராட்டில் (காற்று வரும் வழியைத் திறக்கும் தகடு) வண்டியானால் உதவியாளர் ஒருவர் பெடலை முழுதாக மிதிக்க, பானெட்டுக்குள் த்ராட்டில் முழுதும் திறக்கிறதா என்று நீங்கள் பாருங்கள். கேபிள் நீண்டுபோய் முக்கால்வாசி மட்டும் திறக்கும் வண்டிகள் உண்டு.

ஏர் ஃபில்டரை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒளி தெரியவில்லை என்றால் மாற்றுங்கள். பெட்டிக்குள்ளும், முன்னால் காற்று உறிஞ்சும் குழாயிலும் எலி கூடு கட்டியிருப்பது, பாலித்தீன் உறை சிக்கியிருப்பது எல்லாம் நடக்கும்.

ஏர் ஃபில்டரிலிருந்து இன்ஜின் வரை உள்ள ரப்பர் ஹோஸ்களின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். வெடிப்பு மடிப்புக்குள்தான் ஒளிந்திருக்கும். இன்ஜின் சுமையில் அசையும்போது அந்த வெடிப்பு வாய் திறக்கும், நிறுத்தி வைத்திருக்கும்போது மூடிக்கொள்ளும்.

டேங்கில் எவ்வளவு எரிபொருள் இருக்கிறது? கால் டேங்குக்குக் கீழே இருந்தால் செங்குத்தான ஏற்றத்திலும் வளைவிலும் எரிபொருள் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சலாம். அரை டேங்க் நிரப்பி மறுபடி ஏறிப் பாருங்கள். அதிலேயே தீர்ந்தால், பம்ப்பைச் சுற்றியுள்ள சிறு கிண்ணம் உடைந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். குறைந்தால் பம்ப்பும் காயிலும் இரண்டுமே வலுவிழக்கும். கூலன்ட் மட்டத்தையும் பாருங்கள். இன்ஜின் சூடேறினால் ஈசியு (இன்ஜினின் கணினி) தானாகவே டைமிங்கை, அதாவது தீப்பொறி வரும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளித் திறனைக் குறைக்கும்.

ஐந்தாம் படி: ஸ்கேனரை ஏற்றத்தில் போடுங்கள்

2013க்குப் பிறகு வந்த கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓபிடி-2 சாக்கெட் (ஈசியுவின் பதிவுகளைப் படிக்கும் இணைப்பு) இருக்கும். அதில் செருகும் புளூடூத் கருவி ஒன்றும், மொபைலில் ஒரு ஸ்கேன் செயலியும் போதும். டீசலின் ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாய்) அழுத்தம், டர்போ எட்ட வேண்டிய அழுத்த இலக்கு போன்றவற்றுக்குச் சில வண்டிகளில் ஒர்க்‌ஷாப் ஸ்கேனர் தேவைப்படும்.

முதலில் கோடுகளை (ஈசியு பதிந்துவைக்கும் குறை எண்கள்) படித்து எழுதிக்கொள்ளுங்கள், உடனே அழித்துவிடாதீர்கள். கோடோடு அது பதிவான நேரத்து ஆர்பிஎம், சுமை, வெப்பநிலை ஆகியவை உறைந்து பதிவாகியிருக்கும். அழித்தால் அந்தச் சாட்சியும் போய்விடும். பி0301 முதல் பி0304 வரை எந்தச் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று சொல்லும். பி0171 கலவையில் பெட்ரோல் குறைவு. பி0299 டர்போ அழுத்தம் குறைவு. பி0087 ரெயிலில் எரிபொருள் அழுத்தம் குறைவு. பி0016 கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டும் சுழலும் நேரம் ஒத்துப்போகவில்லை. கோடு என்பது எந்த அளவு தவறியது என்பதை மட்டுமே சொல்கிறது, எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்பதை அல்ல. பி0171 வந்ததற்காக ஓ2 சென்சாரை (புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளப்பது) மாற்றினால் பெரும்பாலும் பணம்தான் போகும்.

சோதனை ஓட்டத்துக்குக் கொண்டை ஊசி வளைவு வேண்டாம். நீளமான, நேரான, போக்குவரத்து குறைந்த ஏற்றம் ஒன்று போதும். அது கிடைக்காவிட்டால் சமதரையிலேயே அந்தச் சுமையை உண்டாக்கலாம்: மூன்றாம் கியர், 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழு மிதி, 4,000 வரை. டீசலில் 3,500 போதும். இந்தப் பத்துப் பதினைந்து விநாடியில் இன்ஜின் தன்னால் முடிந்த அத்தனையையும் தர வேண்டியிருக்கும். ஒருவர் ஓட்ட வேண்டும், இன்னொருவர் மொபைலைப் பார்க்க வேண்டும். ஓட்டுபவர் திரையைப் பார்க்கவே கூடாது. பதிவு செய்துகொண்டு நிறுத்திய பிறகு படியுங்கள்.

பதிவு செய்ய வேண்டியவை: ஆர்பிஎம், த்ராட்டில் சதவீதம், மேப் சென்சார் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) அழுத்தம் அல்லது மாஃப் சென்சார் (அந்தக் காற்றின் எடையை அளப்பது) அளவு, குறுகியகால, நீண்டகால ஃப்யூல் டிரிம் (ஈசியு பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதம்), ஓ2 சென்சார் வோல்டேஜ், இக்னிஷன் டைமிங், கூலன்ட் வெப்பம்.

மேப் சென்சார் நம்பத்தக்கதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் அது அந்த இடத்தின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் 101 கிலோபாஸ்கல் அளவு, ஏற்காட்டில் 84, ஊட்டியில் 77. நான்கைந்து கிலோபாஸ்கலுக்கு மேல் பிசகினால் சென்சாரோ அதன் வயரிங்கோ சரியில்லை.

பெட்ரோல் வண்டியில் எண்களைப் படிப்பது

முழு மிதியில் மேப் அளவு, இன்ஜின் ஓடாதபோது காட்டிய அளவுக்கு மிக அருகில், மூன்று முதல் ஐந்து கிலோபாஸ்கலுக்குள் வர வேண்டும். வராமல் ஆர்பிஎம் ஏற ஏறக் கீழே இறங்கினால் காற்று வழி அடைபட்டிருக்கிறது, அல்லது த்ராட்டில் முழுதாகத் திறக்கவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு முறை மட்டும் அதே ஓட்டம் ஓடி ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

மாஃப் சென்சார் உள்ள வண்டியானால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சமவெளியில் 1.2 லிட்டர் இன்ஜின் 4,000 ஆர்பிஎம்மில் முழு மிதியில் விநாடிக்கு 38 கிராம் அளவு காற்றை இழுக்க வேண்டும். 25 கிராம்தான் காட்டுகிறது என்றால், ஒன்று சென்சார் அழுக்கு, அல்லது காற்று உண்மையிலேயே வரவில்லை. இரண்டையும் பிரிக்க ஃப்யூல் டிரிம்மைப் பாருங்கள். சென்சார் குறைத்துச் சொல்கிறது என்றால் பெட்ரோல் போதாமல் டிரிம் கூட்டலில் போகும். காற்றே வரவில்லை என்றால் டிரிம் ஏறக்குறைய நேராக இருக்கும். அழுக்கென்றால் அதற்கென உள்ள மாஃப் கிளீனர் ஸ்பிரேயால் மட்டும் சுத்தம் செய்யுங்கள், துணியோ பிரஷ்ஷோ சென்சாருக்குள் உள்ள நுண்கம்பியைத் தொடக்கூடாது.

எரிபொருள் பற்றாக்குறைக்கு ஓ2 சென்சார்தான் சிறந்த சாட்சி. சாதாரண வகை சென்சார் முழு மிதியில் 0.8 வோல்ட்டுக்கு மேல் நிலையாக நிற்க வேண்டும். தொடக்கத்தில் 0.85 காட்டி, 3,000 ஆர்பிஎம் தாண்டியதும் 0.2க்கு விழுந்தால் பெட்ரோல் தீர்ந்துபோகிறது. ஃப்யூல் டிரிம் மொத்தம் கூட்டல் பத்துக்குள் இருக்கலாம். சுமை கூடக்கூட அது பதினைந்து, இருபது என்று ஏறினால் அதே முடிவுதான். ஐட்லிங்கில் (மிதிக்காமல் நின்றபடி ஓடும்போது) அதிகமாக இருந்து சுமையில் குறைந்தால் அது எங்கோ வேக்குவம் கசிவு, ஏற்றப் பிரச்சினைக்கு அது காரணமல்ல.

எரிபொருள்தான் என்று தெரிந்ததும் அழுத்தமானியைப் பொருத்துங்கள். பெரும்பாலான மல்டிபாயின்ட் (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் உள்ள) பெட்ரோல் கார்களில் 3 முதல் 4 பார் இருக்கும், உங்கள் வண்டிக்குரிய அளவை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். ஐட்லிங்கில் சரியாக இருப்பது போதாது, சுமையிலும் அந்த அளவு நிற்க வேண்டும். அளவையும் பாருங்கள்: பம்ப் 30 விநாடியில் குறைந்தது அரை லிட்டர் தள்ள வேண்டும். திறந்த பெட்ரோல் என்பதால் வெட்டவெளியில், இன்ஜின் ஆறிய பிறகு, தீயணைப்பான் பக்கத்தில் இருக்க மட்டுமே இதைச் செய்யுங்கள். பம்ப் புதிதாக வாங்குவதற்கு முன் பம்ப் கனெக்டரில் வோல்டேஜை அளந்து பேட்டரி வோல்டேஜோடு ஒப்பிடுங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ரிலே, எர்த் வயர், கனெக்டர் ஆகியவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. பல நல்ல பம்ப்புகள் இந்தச் சோதனை செய்யாததால் குப்பைக்குப் போகின்றன.

தீப்பொறிப் பக்கம்: பிளக்குகளைக் கழற்றி சிலிண்டர் வரிசைப்படி வையுங்கள். இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகள்) அளங்கள். பெரும்பாலும் 0.8 முதல் 1.1 மில்லிமீட்டர், தேய்ந்தால் கூடிவிடும். சாதாரண நிக்கல் பிளக்குகளுக்கு 30,000 முதல் 40,000 கிமீ ஆயுள். பீங்கானில் மெல்லிய கரிக்கோடு தெரிந்தால் தீப்பொறி வெளிவழியாகக் கசிகிறது. பிளக்குக்கு மேலேயே காயில் அமரும் வண்டிகளில், மிஸ்ஸிங் காட்டிய சிலிண்டரின் காயிலை வேறு சிலிண்டருக்கு மாற்றிவைத்து மீண்டும் ஓட்டுங்கள். பி0302 இருந்தது பி0304 ஆக இடம் மாறினால் காயில்தான். மாறாவிட்டால் பிளக்கை மாற்றிப் பாருங்கள், அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டரையும் (பெட்ரோலைத் தெளிக்கும் ஊசி) கம்ப்ரஷனையும் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பாருங்கள். ஏற்றத்தில் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மேற்கொண்டு ஏறாதீர்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூட்டை உருக்கிவிடும்.

அப்படி உருகியதுதான் அடுத்த குறைக்குக் காரணம். கன்வெர்ட்டர் அடைப்பை உறுதிசெய்ய முன்பக்க ஓ2 சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் குறைந்த அழுத்த மானி ஒன்றைப் பொருத்துங்கள். ஐட்லிங்கில் 0.1 பாருக்குள்ளும், 2,500 ஆர்பிஎம்மில் 0.2 பாருக்குள்ளும் இருக்க வேண்டும். மானி இல்லையென்றால் சென்சார் துளையைத் திறந்தபடியே நூறு இருநூறு மீட்டர் ஓட்டிப் பாருங்கள். சத்தம் பயங்கரமாக இருக்கும், ஆனால் இழுவை திரும்பிவிட்டால் விடை கிடைத்துவிட்டது. சூடான புகை அருகில் உள்ள வயர்களில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய கன்வெர்ட்டர் போடுவதற்கு முன் மிஸ்ஸிங்கையோ ஆயில் எரிவதையோ நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் புதியதும் உருகும். உள்ளே இருப்பதை இடித்து எடுத்துவிட்டு வெறும் கூட்டைப் பொருத்தித் தருவோர் உண்டு. அது சட்டப்படி குற்றம், புகைச் சான்றிதழும் கிடைக்காது.

முழுச் சுமையில் டைமிங் எண் சட்டென்று பூஜ்யத்தை நோக்கிச் சரிகிறது என்றால் நக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது). சூடு, உள்ளே படிந்த கரி, மோசமான பெட்ரோல் மூன்றையும் பாருங்கள். நம்பகமான பங்க் ஒன்றில் டேங்க் நிரப்பி ஓட்டிய பிறகு எண் மாறுகிறதா என்பது முதல் சோதனை.

டர்போ டீசலில்

டீசல் ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வையுங்கள். பத்து நிமிடத்தில் தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். ஃபில்டரை மாற்றும்போது உள்ளே டீசல் நிரப்பி, கைப் பம்ப் இருந்தால் அது கல்லாக இறுகும்வரை அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள்.

பிறகு முழு மிதி ஓட்டத்தில் ரெயில் அழுத்தத்தின் இலக்கையும் நடப்பையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். ஐட்லிங்கில் 250 முதல் 350 பார், முழுச் சுமையில் 1,400 முதல் 1,600 பார் வரை போகும். நடப்பு அழுத்தம் இலக்கை விட நூறு பாருக்கு மேல் தொடர்ந்து பின்தங்கினால் டீசல் போதவில்லை. ஃபில்டர் புதியது, காற்றுக் கசிவும் இல்லை என்றால் அடுத்தது இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனை: நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களையும் ஒரே அளவுள்ள நான்கு பாட்டில்களில் விட்டு, இன்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். மற்றவற்றை விட இரண்டு மூன்று மடங்கு நிரம்பும் பாட்டிலின் இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது. நான்கும் சமமாக, குறைவாக இருந்தால் ஹை பிரஷர் பம்ப்பும் அதன் மீட்டரிங் வால்வும். ரிட்டர்ன் குழாயில் அழுத்தம் மிகக் குறைவு என்பதால் இந்தச் சோதனையை வீட்டிலும் செய்யலாம். ஆனால் ரெயிலிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் எஃகுக் குழாயை இன்ஜின் ஓடும்போது ஒருபோதும் தளர்த்தாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கரும்புகை வருகிறது என்றால் காற்றுப் பக்கம் வாருங்கள். முழு மிதியில் மேப் சென்சார் 200 கிலோபாஸ்கலை ஒட்டியோ அதற்கு மேலோ வர வேண்டும், இலக்கு எண்ணோடு ஒப்பிடுவது இன்னும் துல்லியம். 130ஐத் தாண்டவில்லை என்றால் கசிவைத் தேடுங்கள். இன்டர்கூலர் (டர்போ தரும் காற்றைக் குளிர்விப்பது) குழாய் இணைப்புகளில் ஈரமான எண்ணெய்க் கசடு எங்கே படிந்திருக்கிறதோ அங்கேதான் பெரும்பாலும் கசிவு. மிதிக்கும்போது "உஸ்" என்று கேட்பதும் அதுவே. டர்போவின் நுழைவாயை மூடி, அரை பார் அளவு காற்றைச் செலுத்திச் சோப்பு நீர் தடவினால் நுரை காட்டிக்கொடுக்கும். ஹோஸ் கிளிப்பின் விலை அற்பம், அதைப் பார்க்காமல் டர்போவைக் கழற்றுவது பெரிய செலவு.

கசிவு இல்லையென்றால் டர்போ ஆக்சுவேட்டர் (டர்போவின் இறகுகளை நகர்த்தும் பாகம்). வேக்குவம் வகையானால் கைப் பம்ப்பால் அரை பார் வேக்குவம் கொடுங்கள். தண்டு தடங்கலின்றி முழுதும் நகர்ந்து அங்கேயே நிற்க வேண்டும். மெல்லத் திரும்பினால் உள்ளே டயாபிரம் கிழிசல், நகரவே இல்லையென்றால் டர்போவின் இறகுகளில் கரி இறுகியிருக்கிறது. எப்போதும் குறைந்த ஆர்பிஎம்மில் ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிகளுக்கு வரும் நோய் இது. ஏற்றத்தில் லிம்ப் மோடுக்குப் போய், சாவியை அணைத்துப் போட்டதும் சரியாவது பெரும்பாலும் இந்த இறகுகளால்தான். ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய வேக்குவம் குழாய்கள் இன்ஜின் சூட்டில் பொரிந்து போவதும் சகஜம், மீட்டர் கணக்கில் வாங்கி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுங்கள்.

ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடுவது) திறந்தபடி சிக்கினாலும் கரும்புகையும் மந்தமும் வரும். கழற்றிக் கார்ப் கிளீனரால் கரியைக் கரைத்து, வால்வு முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். தகடு வைத்து நிரந்தரமாக அடைப்பது தீர்வல்ல.

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார்களில் டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இன்னொரு அடைப்பிடம். குறுகிய தூர ஓட்டத்தில் அதில் சேரும் கரி எரிந்து தீர வாய்ப்பே கிடைக்காது. டிபிஎஃப் விளக்கு எரிந்த தொடக்கத்திலேயே நெடுஞ்சாலையில் 60 கிமீக்கு மேல் இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டினால் பெரும்பாலும் எரிந்துவிடும். பாதியில் அணைத்து அணைத்து விட்டால் எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் ஆயிலை மாற்றாமல் மலையேறாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் இழுக்கவில்லை என்றால்

இன்ஜினின் உடம்பைப் பார்க்க வேண்டியதுதான். பெட்ரோல் இன்ஜினைச் சூடாக்கி, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, இன்ஜெக்டர் இணைப்பைத் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஐந்து சுற்று செல்ஃப் அடித்து ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளங்கள். 11 முதல் 14 பார் நல்லது, சிலிண்டர்களுக்கிடையே ஒரு பாருக்கு மேல் வித்தியாசம் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகக் குறைந்தால் ஹெட் கேஸ்கெட். நீண்டகாலம் சிஎன்ஜியில் ஓடிய வண்டிகளில் வால்வு சீட் (வால்வு மூடி அமரும் இடம்) தேய்ந்து டேப்பட் இடைவெளி (வால்வு முழுதாக மூட விடும் சிறு இடைவெளி) மூடிவிடும்.  எல்லாச் சிலிண்டரும் ஒரே அளவில் குறைவாக இருந்து பி0016ம் இருந்தால் டைமிங் செயின் நீண்டோ, பெல்ட் ஒரு பல் தாண்டியோ இருக்கிறது. அந்த நிலையில் வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துச் செல்வதே நல்லது.

சரிசெய்த பிறகு

ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் கோடுகளை அழித்து, அதே சாலையில், அதே கியரில், அதே 1,500 ஆர்பிஎம்மிலிருந்து, அதே எண்ணிக்கை ஆட்களோடு மறுபடி பதிவு செய்யுங்கள். பழைய பதிவில் 0.2 வோல்ட்டுக்கு விழுந்த ஓ2 சென்சார் இப்போது 0.85ல் நிற்கிறதா, நூறு பார் பின்தங்கிய ரெயில் அழுத்தம் இப்போது இலக்கோடு ஒட்டிப் போகிறதா என்று எண்ணுக்கு எண் ஒப்பிடுங்கள். கோடுகளை அழிக்கும்போது ஃப்யூல் டிரிம்மும் அழிந்திருக்கும் என்பதால், அது மீண்டும் நிலைப்பட நூறு கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு இன்னொரு முறை பாருங்கள். ஒர்க்‌ஷாப்பில் வேலை கொடுத்திருந்தால் இந்த இரண்டு பதிவுகளையும் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேளுங்கள். ஃபில்டரை அறுத்துப் பார்த்தால் உள்ளே துருவா, தண்ணீரா, வண்டலா என்று தெரியும். துரு இருந்தால் டேங்கைக் கழற்றிக் கழுவும்வரை புதிய ஃபில்டரும் சீக்கிரமே அடைபடும்.